அஸ்ஃபியாவின் டாங்கி

வெரோனிகா அந்தத் திடலுக்கு முதன்முதலாகப் போனது டாங்கி பார்க்க அல்ல; அஸ்ஃபியாவைப் பார்க்க.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் கணவர் கஸ்பார் குளிக்கப் போயிருந்தார். அவருடைய கைப்பேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கி வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் அவர் சேர்ந்திருந்தார். அந்தக் குழுவில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். வெரோனிகா அதைத் தொட்டாள். செம்மண் தரையில் கஸ்பார் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, ஒரு பூனை படுத்திருக்கும் அளவில் பச்சை டாங்கி. சக்கரங்களைச் சுற்றி ஓட வேண்டிய சங்கிலிப் பட்டை கழன்று மண்ணில் நீளமாகக் கிடந்தது. கஸ்பார் அதை எடுத்து, வாயால் ஊதி மண்ணைப் போக்கி, பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியாக மாட்டினார். படத்துக்கு வெளியே ஒரு பெண்ணின் சிரிப்பு.

"கஸ்பார் அண்ணே இல்லாட்டி நான் என்னா செய்வேன் லா!"

முழங்கால் வலி என்று மாதா கோயில் பூசையில்கூட முட்டி போடாத மனுஷர். வெரோனிகா வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். பிறகு இன்னொரு முறை.

சாப்பிடும்போது கேட்டாள். "யாரு அது, வீடியோவுல சிரிக்கிறது?"

"ஓ, அதுவா? அஸ்ஃபியா. டவுன்ல மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கு. புதுசா சேந்துச்சு. அதோட டிராக் எப்பப் பாத்தாலும் கழண்டுக்கும். பாவம்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வெரோனிகாவின் காதில் அந்தப் 'பாவம்'தான் நின்றது. சமையலறைக் காற்றாடி மாதக்கணக்கில் கடகடவென்று ஆடுகிறது. அதற்கு ஒரு பாவம் சொல்ல ஆளில்லை.

பொறாமை அவளுக்குப் புதிதல்ல. கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். அக்கா பெட்ரீசியாவுக்கு அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம். வெரோனிகாவுக்குப் பின்னால், உர மூட்டைகளோடு. பெட்ரீசியாவின் தோடு, பெட்ரீசியாவின் மாப்பிள்ளை, பெட்ரீசியா வீட்டுத் தரை ஓடு என்று அந்தக் கணக்கு அவள் மனதில் நீண்டுகொண்டே போனது. ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குடும்பம் தோட்டத்தை விட்டது. வெரோனிகா ஈப்போவுக்கு வந்து ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையலுக்குச் சேர்ந்தாள். அங்கே குளிரூட்டும் ஏர்கோன் பழுதுபார்க்க வந்தவர்தான் கஸ்பார். இப்போது குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றைப் பார்த்த ஒரு வரிசை வீடு. முன்னறையில் தையல் மெஷின். வீடுகளுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் திரைச்சீலை தைக்கிறாள். ஒரே மகன் ஷான் சிங்கப்பூரில் வேலை செய்கிறான்.

மறுநாள் பூசை முடிந்து காரில் ஏறியதும், "நானும் வாரேன்," என்றாள்.

"எங்க?"

"டாங்கி ஓட்டுற எடத்துக்கு."

கஸ்பார் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வெயிலு அடிக்கும்."

"எனக்கு வெயிலு தெரியும்."

காம்பார் போகும் வழியில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். வீட்டு மனைக்காக மரங்களைச் சாய்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கட்டாமல் விட்டுவிட்டார்கள். செம்மண் மேடுகள், மணல் குவியல்கள், பாதி புதைந்த சிமெண்டுக் குழாய்கள். பொம்மை டாங்கிகளுக்கு அதைவிட நல்ல போர்க்களம் கிடைக்காது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் தௌஃபிக் காரின் பின்கதவைத் திறந்து எல்லோருக்கும் பாலில்லாத தே ஓ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அஸ்ஃபியாவை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஊதா முக்காடு, விளையாட்டுக் காலணி, நாற்பதைத் தாண்டிய வயது, மைதானம் முழுக்கக் கேட்கும் சிரிப்பு.

"கஸ்பார் அண்ணே வீட்டு அக்காவா? அண்ணே உங்களப் பத்திச் சொன்னதே இல்ல!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அன்பாகத்தான் சொன்னாள். வெரோனிகாவுக்கு அது ஊசி குத்தியது போல் இருந்தது.

"நீங்க ஏன் இதெல்லாம் வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வாப்பா தம்பிங்களுக்கு மட்டும்தான் அக்கா ஓட்டுற பொம்மை வாங்குவாரு. எனக்குச் சட்டி பானை. இப்ப என் காசு, என் டாங்கி." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். அந்தப் பதில் வெரோனிகாவுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

சற்று நேரத்தில் அஸ்ஃபியாவின் டாங்கி மணலில் திரும்பும்போது ஒரு பக்கமாக இழுத்து நின்றது. பட்டை கழன்றுவிட்டது. "கஸ்பார் அண்ணே!" என்று அவள் கத்த, கஸ்பார் தன் டாங்கியை அப்படியே விட்டுவிட்டு விரைந்தார். முட்டி போட்டார். ஊதினார். மாட்டினார்.

"நின்ன எடத்துலயே திருப்பாத. கொஞ்சம் முன்னால போக விட்டு, அப்பறம் வளைச்சு எடு. மெதுவா... ஆங், அப்படித்தான். பரவால்ல, எல்லாருக்கும் ஆவுறதுதான்."

வெரோனிகா தே ஓ கோப்பையோடு நின்று கேட்டாள். கல்யாணமான புதிதில் கஸ்பார் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "கிளட்ச்ச விடு! விடுன்னா விடு! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?" நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்த 'மெதுவா', இந்தப் 'பரவால்ல' எல்லாம் இத்தனை வருஷமாக அவரிடம் எங்கே இருந்தன?

அவள் முடிவு செய்துகொண்டாள். இனி அந்த டிராக் கழன்றால் தானே போய் மாட்டுவது. கணவர் அந்தப் பக்கம் போகவே வேண்டியிருக்காது.

அடுத்த நாள் கஸ்பார் வேலைக்குப் போனதும், அலமாரி மேலிருந்த அவருடைய டாங்கியைத் தையல் மேசைக்குக் கொண்டுவந்தாள். முன்னால் பல் சக்கரம். அதுதான் பட்டையை இழுக்கிறது. பின்னால் பல் இல்லாத ஒரு சக்கரம். அதை ஸ்க்ரூ போட்டு முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்த்தினால் பட்டை இறுகும், தளரும். தையல் மெஷினின் பெல்ட் மாதிரிதான் என்று அவளுக்குப் பட்டது. கஸ்பாரின் பட்டை மேல் பக்கம் லேசாகத் தொங்கியது. இவ்வளவு தளர்வாக விட்டால் கழலாமல் என்ன செய்யும் என்று, வீணைத் தந்தி போல் ஆகும்வரை இறுக்கினாள். கூடத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு மாதிரி முனகியது, ஆனால் ஓடியது. திருப்தியோடு திரும்ப எடுத்து வைத்தாள்.

ஞாயிறன்று அந்த டாங்கி முதல் மேட்டில் பாதி ஏறியதும் 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பட்டை கழலவில்லை. உள்ளே கியரின் பற்கள் சிதைந்துவிட்டன.

"அலாமாக்!" கஸ்பார் தலையில் கை வைத்தார். "ரோசாக் ஆயிடுச்சு. எப்படி?"

வெரோனிகா வாயைத் திறக்கவில்லை. தான் இறுக்கியதன் பலனை அன்று முழுவதும் அனுபவித்தாள். ஓட்ட டாங்கி இல்லாத கஸ்பார் போய் நின்ற இடம் அஸ்ஃபியாவின் பக்கம். "அண்ணே, நீங்க கொஞ்சம் ஓட்டுங்க, பாவம்!" என்று அவள் ரிமோட்டை நீட்டினாள். இருவரும் ஒரே ரிமோட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒரே மேட்டைப் பார்த்து, ஒரே நேரத்தில் "ஆ!" என்று கத்தினார்கள். வெரோனிகா தௌஃபிக்கின் கார் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவர் கடையிலிருந்து தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்த சோறு மடியில் ஆறியது.

"என்னா அக்கா, சாப்புடலயா? காரமா?"

"ஆமா அண்ணே. காரம்தான்."

திரும்பி வரும் வழியில் காரில் சொல்லிவிட்டாள். "நான்தான் டைட் பண்ணேன்."

கஸ்பார் காரை ஓரமாக நிறுத்தினார். "ஏன் தொட்ட? டிராக் மேல கொஞ்சம் தொங்கணும். அப்படி இழுத்துக் கட்டுனா கியர் எப்படித் தாங்கும்? என்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா கத்துவீங்க."

"நான் எப்பக் கத்துனேன்?"

"இப்பயே கத்துறீங்க. அதுகிட்ட மட்டும் 'மெதுவா, பரவால்ல'. எனக்குன்னா கண்ணு எங்க இருக்கு."

அவர் காரை மறுபடி ரோட்டில் எடுத்தார். அந்த வாரம் மாலைகளில் கஸ்பார் தனியாக உட்கார்ந்து புதுக் கியர் மாற்றினார். வெரோனிகா மெஷினை வேண்டுமென்றே சத்தமாக ஓட்டினாள்.

அந்த வாரத்திலேயே, ஒரு பிற்பகல், வாசலில் ஹார்ன் சத்தம். அஸ்ஃபியா. கையில் டாங்கி.

"அண்ணே இல்லியா அக்கா? ஞாயித்துக்கெழமக்குள்ள இதச் சரி பண்ணிடலாம்னு வந்தேன்."

"வேலைக்குப் போயிருக்காரு." வெரோனிகா கதவை முழுதாகத் திறக்கவில்லை. பிறகு, இவள் இன்னொரு மாலை அவர் இருக்கும்போது வருவாளே என்று தோன்றியது. "குடுங்க. நான் பாக்குறேன்."

இருவரும் தையல் மேசையில் டாங்கியை வைத்தார்கள். இந்த முறை வெரோனிகா இறுக்கத்தில் கை வைக்கவில்லை. பட்டை சரியாகத்தான் தொங்கியது. அப்படியானால் வேறு எங்கோ கோளாறு. டாங்கியை மேலிருந்து பார்த்தாள். திரைச்சீலையின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல், ஒரு கறுப்பு நூலை எடுத்து முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இழுத்துப் பிடித்தாள். நூல் நடுச் சக்கரங்களையெல்லாம் ஒட்டிப் போய், கடைசிச் சக்கரத்தில் மட்டும் விலகியது. பின் சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது பட்டை சாய்ந்த பக்கமாக ஏறி விழுந்துவிடும்.

"இங்க பாருங்க. சாஞ்சிருக்கு."

அஸ்ஃபியா குனிந்து பார்த்தாள். "நானும் நெனச்சேன் அக்கா! அண்ணேகிட்ட கேட்டேனே, இது கோணலா இருக்கான்னு. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, அதான் நான் இருக்கேன்ல'ன்னாரு."

வெரோனிகாவின் கை நின்றது.

நான் இருக்கேன்ல. அந்த இரண்டு சொற்களும் அவளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. ஏர்கோன் இயந்திரங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டுகிறவர். ஒரு சக்கரம் சாய்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டுவைத்தாரா? வாராவாரம் கழலட்டும், வாராவாரம் கூப்பிடட்டும் என்றா?

முகத்தில் ஒன்றும் காட்டாமல் வேலையை முடித்தாள். சக்கரம் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்து இடைவெளி விழுந்திருந்தது. கஸ்பாரின் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வாஷரை எடுத்து இடையில் கொடுத்து முடுக்கினாள். மறுபடி நூல் பிடித்தாள். ஒட்டியது. பக்கத்து வீட்டில் புதுச் சுவர் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலுக்கு டாங்கியை எடுத்துப் போனார்கள். அஸ்ஃபியா வேண்டுமென்றே நின்ற இடத்தில் சுழற்றினாள், சரிவில் குறுக்கே ஓட்டினாள், பின்னோக்கி இறக்கினாள். பட்டை கழலவில்லை.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு அவள் வெரோனிகாவைக் கட்டிப்பிடித்தாள். வெரோனிகா கட்டை மாதிரி நின்றாள்.

மாலை கஸ்பார் வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "அஸ்ஃபியா டாங்கியில பின் சக்கரம் சாஞ்சிருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியுமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடினார்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே."

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "அது மேல ஆசையா?" என்று கேட்டாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட மெலிதாக வந்தது.

"சீ! அந்த மாதிரி இல்ல வெரோ." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரக் கையைத் துடைக்கவில்லை. "ஷான் ஃபோன் பண்ணா 'அம்மா இருக்காங்களா'ன்னுதான் கேக்குறான். வேலையில சின்னப் பசங்க வீடியோ பாத்தே முடிச்சிர்றானுங்க, என்னைய ஒண்ணும் கேக்குறதில்ல. அங்க போனா ஒரு ஆளு என் பேரச் சொல்லிக் கத்தும். நான் ஓடிப் போவேன். நல்லா இருந்துச்சு. சரி பண்ணிட்டா கூப்புடாதேன்னு விட்டுட்டேன்."

வெரோனிகா இதை எதிர்பார்க்கவில்லை. ஆசை என்றால் சண்டை போடலாம், அழலாம், பங்குச் சாமியாரிடம் இழுத்துப் போகலாம். இதை என்ன செய்வது? அந்தப் பெண்ணின் ஒரு கூப்பாட்டுக்கு இருந்த மதிப்பு, இத்தனை வருஷமாகத் தான் அழைத்த அழைப்புக்கு இல்லையே என்ற எரிச்சல் முன்னைவிட அதிகமானது.

"நான் கூப்புட்டா ஓடி வந்தீங்களா, ஒரு நாளாச்சும்?"

அவர் ஈரக் கையை இப்போதுதான் சட்டையில் துடைத்தார்.

"தெரிஞ்சே விட்டீங்கன்னு நான் அதுகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே போயி சொல்லுங்க," என்று எழுந்து போனாள்.

ஞாயிறு காலை. அஸ்ஃபியாவின் டாங்கி மேடேறியது, இறங்கியது, மணலில் சுழன்றது. ஒரு முறைகூடப் பட்டை விடவில்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கஸ்பார் சரிசெய்த டாங்கியைத் தரையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெரோனிகா அதைப் பார்த்து ரசித்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிழலில் உட்கார்ந்து, தௌஃபிக்கின் சோற்றை அன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பிறகு கஸ்பார் அஸ்ஃபியாவிடம் நடந்து போனார். என்ன சொன்னார் என்பது நிழலுக்குக் கேட்கவில்லை. அஸ்ஃபியா பதில் சொன்னது கேட்டது. சிரிப்பு இல்லாத அவள் குரலை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"எனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே. ஒவ்வொரு வாட்டியும், நான்தான் தப்பாத் திருப்புறேன், எனக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி அதையே யோசிப்பேன் லா."

டாங்கியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

வெரோனிகா விரும்பியது இதைத்தானே? அஸ்ஃபியா இல்லாத திடல். கணவர் பக்கத்திலேயே இருந்தார். தே ஓ கொண்டுவந்து கொடுத்தார். ஆனாலும் 'எனக்கு இதெல்லாம் வராது' என்ற வார்த்தை அவளை விடவில்லை. நடு ரோட்டில் காரை விட்டு இறங்கி நடந்தபோது அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டு நடந்தாள். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது.

ஒரு நாள், தைத்த திரைச்சீலைகளை டவுனில் ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, அஸ்ஃபியாவின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அஸ்ஃபியா ஒரு சீனப் பாட்டியின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி போகும்வரை வெரோனிகா காத்திருந்தாள்.

"வாங்க அக்கா." முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. "கண்ணு பாக்கணுமா?"

"இல்ல. ஞாயித்துக்கெழம வாங்கன்னு சொல்ல வந்தேன்."

அஸ்ஃபியா கண்ணாடி துடைக்கும் துணியை மடித்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஒங்களுக்கு என் மேல கோவம் இருந்துச்சில்ல? கட்டிப் புடிச்சப்பவே தெரிஞ்சுச்சு."

"கோவம் இல்ல," என்றாள் வெரோனிகா. "பொறாமை."

"இப்ப?"

வெரோனிகா யோசித்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

அஸ்ஃபியா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது, கடைக்கு வெளியே நடந்து போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "பரவால்ல அக்கா. கொஞ்சம் இருக்கட்டும்."

அவள் திரும்பி வந்தாள். கஸ்பாரிடம் முகம் கொடுத்துப் பேச இன்னும் சில வாரம் பிடித்தது. அவரும் அதை அவசரப்படுத்தவில்லை. அதற்குள் அந்தச் சக்கரத்தைச் சரிசெய்தது யார் என்ற செய்தி திடல் முழுக்கப் பரவியிருந்தது. முதலில் தௌஃபிக் தன் டாங்கியைக் கொண்டுவந்தார். கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள் தேய்ந்து பட்டை நீண்டுபோயிருந்தது. வெரோனிகா ஒரு கண்ணியைக் கழற்றிக் குறுக்கினாள். அப்புறம் மற்றவர்கள். நிழலில் ஒரு பாய், ஒரு நூல்கண்டு, ஒரு டப்பா வாஷர், பழைய பல் தேய்க்கும் பிரஷ். "அக்கா, கொஞ்சம் பாருங்க அக்கா!" என்று நாலா பக்கமும் குரல். சிலர் ஓட்டுவதைப் பார்த்தே, "மண்ணு அடைச்சிருக்கு, பிரஷ் போடுங்க," என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வாள். தனக்கென்று ஒரு டாங்கி வாங்கவில்லை. வாங்க ஆசை இருப்பதாக ஷானிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, கஸ்பாரின் டாங்கி சிமெண்டுக் குழாய் மேல் ஏறி இறங்கும்போது பட்டையை விட்டது. அவர் அங்கேயே மாட்டியிருக்கலாம். தூக்கிக்கொண்டு பாய்க்கு வந்தார். வெரோனிகா தௌஃபிக்கின் டாங்கியைக் கவிழ்த்து வைத்து வேலையாக இருந்தாள்.

"வெரோ, இதக் கொஞ்சம் பாரேன்."

"இது முடியட்டும்."

கஸ்பார் நின்றார். வெயில் அவர் கழுத்தில் அடித்தது. தௌஃபிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெரோனிகா நீட்டிய கையில் சரியான ஸ்க்ரூவை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு மட்டும் என்னா இவ்ளோ நேரம்?" என்றார் கஸ்பார்.

அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று வெரோனிகாவுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்காமல், பாயில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். கஸ்பார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.